கப்பல் செய்திகளில் டன், கடல் மைல், நங்கூரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கப்பல் விபத்துச் செய்திகளைத் தங்கள் பத்திரிகை விரிவாகவே வெளியிடுகிறது. ஆனால் அவற்றில் வரும் அளவுகள் பல நேரம் குழம்பிக் கிடக்கின்றன. அளவு பிசகினால் விபத்து ஏன் நடந்தது என்பதே வாசகருக்குப் பிடிபடாது.

பெரிய குழப்பம் டன்னில்தான். ‘46,328 டன் எடையுள்ள டைட்டானிக்’ என்று எத்தனையோ கட்டுரைகளில் பார்க்கிறோம். அது எடையே அல்ல, கப்பலின் உள்ளிடத்தின் அளவு. 100 கன அடிக்கு ஒரு ரெஜிஸ்டர் டன் என்பது அன்றைய கணக்கு. கப்பலின் எடை, அதாவது அது விலக்கிய நீரின் எடை, ஏறத்தாழ 52,000 டன். 1969-இல் உருவான சர்வதேச உடன்படிக்கை 1982-இல் நடைமுறைக்கு வந்த பிறகு ரெஜிஸ்டர் டன்னின் இடத்தைக் கிராஸ் டன்னேஜ் பிடித்தது. இதற்கு அலகே கிடையாது. மூடிய பகுதிகளின் மொத்தக் கன அளவை ஒரு கெழுவால் பெருக்கினால் கிடைக்கும் வெறும் எண் அது. 1,00,000 கன மீட்டருக்குக் கெழு 0.3, ஆகவே கிராஸ் டன்னேஜ் 30,000.

டெட்வெயிட் என்பது வேறு. சரக்கு, எரிபொருள், நன்னீர், நிலைப்படுத்தும் பலாஸ்ட் நீர், உணவுப் பொருள்கள், ஆட்கள் என்று கப்பல் சுமக்கக்கூடிய எல்லாவற்றின் எடையும் அதில் அடங்கும். கப்பலின் சொந்த எடை சேராது. எண்ணெய்க் கப்பலுக்கு டெட்வெயிட், பயணிகள் கப்பலுக்குக் கிராஸ் டன்னேஜ், போர்க்கப்பலுக்கு விலக்கும் நீரின் எடை என்பதே வழக்கம். மூன்றையும் ‘டன்’ என்று ஒரே பட்டியலில் போட்டு எது பெரியது என்று கேட்பதில் பொருளே இல்லை.

தரைதட்டிய செய்தி என்றால் முதலில் தர வேண்டியது மிதவை ஆழம்: நீர்மட்டத்திலிருந்து கப்பலின் அடிப்பகுதி வரையுள்ள அளவு. இது நிலையானதும் அல்ல. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. கடலில் 10 மீட்டர் ஆழத்தில் மிதக்கும் பெட்டி வடிவக் கலம் ஆற்றுக்குள் நுழைந்தால் 10.25 மீட்டர் அமிழும். ஆழம் குறைந்த கால்வாயில் வேகமாகப் போனாலும் அடிப்பகுதியில் நீரழுத்தம் குறைந்து கப்பல் மேலும் கீழிறங்கும். மாலுமிகள் இதை ஸ்குவாட் என்பார்கள். வேகத்தைக் குறைப்பதுதான் இதற்கு உடனடி மருந்து.

‘மணிக்கு 22 நாட்ஸ்’ என்பதும் பிழை. நாட் என்பதே மணிக்கு ஒரு கடல் மைல் என்ற வேகம். ‘22 நாட்ஸ்’ போதும், கிலோமீட்டரில் மணிக்குச் சுமார் 41. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், சாலை மைலோ 1,609. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் 370 கிலோமீட்டருக்குப் பதிலாக 322 ஆகிவிடும். அட்சரேகையின் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, அதுவே கடல் மைலுக்கு அடிப்படை. அதனால்தான் மாலுமிகள் வரைபடத்தில் கவராயத்தை விரித்து, அதே உயரத்தில் பக்கவாட்டு ஓரத்திலுள்ள அளவுகோலில் வைத்துத் தூரம் பார்க்கிறார்கள். மேலே, கீழே உள்ள தீர்க்கரேகை அளவுகோலில் வைத்தால் கணக்கு தப்பும். 60 பாகை அட்சரேகையில் அங்கே ஒரு கலை என்பது அரைக் கடல் மைல்தான்.

‘போர்ட் சைடு’ என்பதைத் துறைமுகப் பக்கம் என்று எழுத வேண்டாம். கப்பலின் முன்முனையான அணியத்தை நோக்கி நின்றால் இடப்பக்கம் அது. இரவில் சிவப்பு விளக்கு. வலப்பக்கத்துக்குப் பச்சை.

கடைசியாக நங்கூரம். கப்பலைப் பிடித்து நிறுத்துவதில் அதன் எடைக்கு இருக்கும் பங்கு சிறிது. கடலடியில் படுத்துக் கிடக்கும் சங்கிலி நங்கூரத்தைக் கிடைமட்டமாக இழுக்கும் வரைதான் நங்கூரத்தின் கொழு, அதாவது மண்ணில் புதையும் கூர்முனை, பிடித்திருக்கும். சங்கிலியின் நீளத்தை ஷேக்கிள் என்ற அலகில் சொல்வார்கள்; 20 மீட்டர் ஆழத்துக்கு ஐந்து ஷேக்கிள், அதாவது 137.5 மீட்டர் சங்கிலி விடுவது உண்டு. காற்று வலுத்தால் சங்கிலி தரையைவிட்டு எழும்பும், நங்கூரத் தண்டும் நிமிரும், கொழு பெயர்ந்துவிடும். மேலும் சங்கிலி விடுவதும் எஞ்சினை ஆயத்தமாக வைப்பதும் அப்போது செய்ய வேண்டியவை. இப்படி நகர்ந்தால் ‘நங்கூரம் இழுபட்டது’ என்று எழுதுங்கள். ‘அறுந்தது’ என்றால் சங்கிலியே துண்டானது என்று பொருள். அது வேறு விபத்து, அதற்கான விசாரணையும் வேறு.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்