வைரஸ் வந்தால் கக்குவான் வராதாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'சோதனையில் வைரஸ் என்று வந்துவிட்டால் கக்குவான் இருமலோ என்று பெற்றோர் பயப்படத் தேவையில்லை' என்று ஒரு வரி. எழுதியவர் குழந்தை வளர்த்தவராக இருக்க முடியாது.

கக்குவானைத் தருவது பாக்டீரியா. 1906-இலேயே போர்டே, ஜெங்கு என்ற இரண்டு விஞ்ஞானிகள் பிரித்துக் காட்டிய கிருமி. ஜலதோஷம் தரும் ரைனோவும், கைக்குழந்தையின் சின்ன மூச்சுக்குழாய்களை அடைக்கும் ஆர்.எஸ்.வி.யும் வைரஸ்கள். ஒன்று இருக்கும் இடத்துக்கு மற்றது வராது என்று இவற்றுக்குள் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. கக்குவானோடு ஆஸ்பத்திரியில் சேரும் பச்சைக்குழந்தைகளிடம் கூடவே ஒரு வைரஸும் இருப்பதை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். உங்களுக்குத் தெரியாததா?

என் மகளின் குழந்தைக்கு முதல் தடுப்பூசி போடும் வயதுகூட ஆகவில்லை, இருமல் வந்துவிட்டது. மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். ஆர்.எஸ்.வி. என்று வந்தது. 'வைரஸ்தான், தானாகச் சரியாகிவிடும்' என்று அனுப்பிவிட்டார்கள். அந்த விரைவுச் சோதனை வைரஸை மட்டும்தான் தேடும். தேடாதது எப்படிச் சிக்கும்?

வீட்டுக்கு வந்ததும் இருமல் அடுக்கடுக்காகக் கிளம்பியது. 'ஊப்' என்று மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கும் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறீர்கள். அவ்வளவு சின்னக் குழந்தைக்குப் பல சமயம் அந்தச் சத்தமே வராது. இழுக்கத் தெம்பு வேண்டாமா? முகம் சிவக்கும், உதட்டோரம் நீலம் பாயும், மூச்சு நின்றுவிடும். குடித்த பாலெல்லாம் வெளியே வந்த பிறகு ஈனமாக ஓர் அழுகை. அதைக் கேட்கும்வரை எங்களுக்கும் மூச்சு வராது.

அடுத்துப் போன இடத்தில் ஓர் இளம் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "காய்ச்சலே இல்லை, லிம்போசைட்ங்கற வெள்ளை அணு மட்டும் இப்படி ஏறியிருக்கே, வீட்டில் பெரியவங்க யாருக்காவது நாள்பட்ட இருமல் இருக்காம்மா?" என்று கேட்டார். மாப்பிள்ளை வாரக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தார். சிறுவயதில் போட்ட தடுப்பூசியின் பலம் வருடம் போகப் போகக் குறையுமாம். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை எடுத்தால் வைரஸ், கக்குவான் இரண்டும் இருந்தன. குழந்தைக்கும் வீட்டிலிருந்த எல்லோருக்கும் 5 நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக். அந்த மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. கக்குவானுக்கோ அதை ஆரம்பத்திலேயே கொடுக்க வேண்டும். இருமல் முற்றிய பிறகு கொடுத்தால் பிறருக்குப் பரவாமல் தடுக்குமே தவிர, இருமலைப் பெரிதாகக் குறைக்காது. உங்கள் வரியை நம்பும் தாய் கோட்டைவிடப் போவது அந்த ஆரம்ப நாட்களைத்தான்.

எழுத உட்கார்ந்ததும் பழையதெல்லாம் வருகிறது. இருமலுக்குத் தேன் கொடுங்கள் என்று ஒருமுறை போட்டீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது, பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சுநோய் வரலாம் என்று எழுதினேன். அந்தக் கடிதம் எங்கே போனதோ! பிறகு அட்டைப்படத்தைப் பாராட்டி எழுதியதை மட்டும் பெட்டி கட்டிப் போட்டீர்கள், நன்றி. அப்புறம் அந்தக் கர்ப்பிணிகள் சிறப்பிதழ். குழந்தையின் அறைக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கு, கர்ப்பத்தின் பிற்பாதியில் தாய் போட்டுக்கொள்ளும் கக்குவான் தடுப்பூசி பிறக்கும் குழந்தையை முதல் சில மாதங்கள் காக்கும் என்று எழுத இடமில்லாமல் போய்விட்டது.

சரி, மறுப்புக் கட்டுரையெல்லாம் கேட்கவில்லை. 'வைரஸ் இருந்தாலும் கக்குவானும் கூடவே இருக்கலாம். சந்தேகமிருந்தால் அதற்கென்று தனியாகச் சோதனை செய்யச் சொல்லுங்கள்' என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். அதே மருத்துவப் பக்கத்தில், அதே எழுத்தளவில். ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
சந்தாவைப் புதுப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நெடுநாள் வாசகி