மஞ்சள் பூவெல்லாம் டான்டிலயன் இல்லை: ஸ்காபரோ காலை நடைக்காரருக்கு ஒரு திறந்த மடல்

டொராண்டோவின் ஸ்காபரோவில் காலை நடைக்கு வரும் ஐயாமார், அம்மாமாருக்கு வணக்கம்.

உங்களோடு நடக்கிறவர்களில் என் மாமியும் ஒருவர். போன வருடம் ஏப்ரல் முதல் கிழமை, தெருவோரத்தில் ஊத்தைப் பனி இன்னும் கரையாமல் கிடந்த நேரம், ஒரு பை மஞ்சள் பூவோடு வந்து நின்றார். புல்லுக்குள் களையாக முளைக்கிற டான்டிலயனாம், ஈரலுக்கு நல்லதாம், காயவைத்துத் தேநீர் போடலாம் என்று நடையில் சொன்னார்களாம். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை, இனியும் கேட்கப் போவதில்லை. ஆனால் பைக்குள் ஒரு இலைகூட இல்லை. "இலை எங்கே மாமி?" என்றேன். "இலையே இல்லைப் பிள்ளை, பூ மட்டும்தான் நின்றது."

அதிலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது. டான்டிலயனுக்கு முதலில் இலைதான் வரும், நிலத்தோடு ஒட்டி வட்டமாக விரிந்து கிடக்கும், அதன் நடுவிலிருந்துதான் பூத்தண்டு எழும்பும். இலைக்கு முந்திப் பூக்கிறது கோல்ட்ஸ்ஃபுட் (coltsfoot) என்கிற வேறொரு செடி. ஒரு தண்டை எடுத்துக் குசினி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்: மீன் செதில் மாதிரி, ஊதா கலந்த பழுப்பில், அடியிலிருந்து நுனிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. பூவின் நடுவிலும் பொத்தான் போல ஒரு வட்டம். டான்டிலயனில் அந்த வட்டம் கிடையாது, நடுவரைக்கும் இதழ்தான். கோல்ட்ஸ்ஃபுட் ஒரு காலத்தில் இருமலுக்குப் பாவித்த மூலிகைதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அதில் இருக்கும் பைரோலிசிடின் அல்கலாய்டுகள் என்கிற நச்சுப் பொருட்கள் ஈரலைப் பழுதாக்கக் கூடியவை. ஈரலுக்கு நல்லதென்று குடிக்கப் போனது அதைத்தான்!

அதனால் தயவுசெய்து பூவை மட்டும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பூவை விட்டுவிட்டுத் தண்டைப் பாருங்கள். டான்டிலயன் தண்டில் இலையும் இல்லை, கிளையும் இல்லை. ஒரு தண்டு, ஒரு பூ. முறித்தால் நம் ஊர்ப் பப்பாசி இலைக் காம்பு போல உள்ளே வெறும் குழல், பாலும் வடியும். பால் வடிகிறது என்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம், ஏனென்றால் சௌதிசில் (sow thistle) என்கிற செடியிலும் பால் வரும், தண்டும் குழல்தான், ஆனால் அது கிளைவிட்டு இடுப்பளவுக்கு மேலேயும் வளரும், தண்டு நெடுக இலை இருக்கும். ஜூனில் பூக்கிற ஹாக்வீட் (hawkweed) என்கிற செடிக்குத் தண்டு முழுக்க மயிர், உச்சியில் பூக்கள் கொத்தாக நிற்கும், இலை ஓரத்தில் பல் இல்லை. டான்டிலயன் இலையில் பல் அடிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும், பிரெஞ்சில் 'சிங்கப்பல்' என்று சொன்னதுதான் இந்தப் பெயராக வந்தது. பட்டர்கப் வேறு சாதி: ஐந்து இதழ், எண்ணெய் பூசின மாதிரி மினுக்கம், வாயில் வைத்தால் கொப்புளம் போடும்.

இன்னொன்று, சரியான டான்டிலயனே கிடைத்தாலும் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மருந்து எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வறை சுண்டிச் சாப்பிட வேண்டாம், அந்தக் கீரையில் விட்டமின் கே நிறைய, அது மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சிறுநீரும் அதிகமாகப் போகும். பிரெஞ்சுக்காரர் அதற்கு வைத்திருக்கிற இன்னொரு பெயரின் அர்த்தத்தை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது, பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள்.

ஒன்ராறியோவில் 2009 ஏப்ரலில் இருந்து வீட்டுப் புல்லுக்கு அழகுக்காகக் களைகொல்லி அடிக்கத் தடை, அதனால் மே மாதம் வந்தால் உங்கள் வளவிலேயே வேண்டிய மட்டும் டான்டிலயன் நிற்கும். நாய் கால் தூக்குகிற தெருவோரம் எதற்கு?

வருகிற சனிக்கிழமை நானும் நடைக்கு வருகிறேன். போன வருடத் தண்டு ஒன்றை மாமி கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறார், செதில் இன்னும் உதிரவில்லை. கொண்டுவருகிறேன், பாருங்கள்.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் ஒரு அம்மாவின் மருமகள்