எந்த முகவரியைப் போடுவது?

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. வேலை விண்ணப்பத்தில் நம் தேயிலைத் தோட்டத்து முகவரியை விட்டுவிட்டு, கொழும்பு வெள்ளவத்தையில் நீ தங்கியிருக்கும் வீட்டு முகவரியைப் போடட்டுமா என்றாய். "உன் இஷ்டம் மகள்" என்று சொல்லிவிட்டேன். மனசு சுருக்கென்றது உண்மைதான். ஆனால் கோபம் உன்மேல் இல்லை.

போன தடவை நேர்முகத்தில், மார்க்கைப் பார்ப்பதற்கு முன்பே "எஸ்டேட்டா?" என்று கேட்டு ஃபைலை மூடி வைத்தார்கள் என்றாய். கேட்டவர் தமிழர் என்பதை மெதுவாகத்தான் சொன்னாய். எனக்கு ஆச்சரியமாக இல்லை. நம்மை இளக்காரமாகச் சொல்லும் தோட்டக்காட்டான் என்பது தமிழ்ச் சொல்தானே.

என் கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணியதும் ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டேன். அப்போது தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, வரிசையாகப் பன்னிரண்டு குடும்பம், எல்லாருக்கும் தோட்டத்தின் பெயர்தான் முகவரி. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும். தப்பால்காரர் கட்டாகக் கொண்டுவந்து போடுவார், கிளாக்கரையாவுக்கு நேரம் கிடைக்கும்போது பிரிப்பார், காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். எங்கள் டிவிசனில் மட்டும் லெட்சுமி ஐந்து பேர். இன்னொரு லெட்சுமிக்கு வந்த காதல் கடிதத்தை நான் பிரித்துப் படித்து வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

என் நேர்முகக் கடிதம் கைக்கு வந்தபோது நேர்முகம் முடிந்து பதினொரு நாள். உறையின் மேல் தேத்தண்ணீர் கிளாஸ் வைத்த வட்டம் காய்ந்திருந்தது. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை, மேசையில் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தாலாவது ஆறியிருக்கும். அடுத்த மாதம் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனேன்.

உன் தாத்தாவுக்கு வந்தது இதைவிடப் பெரியது. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து நம் ஆட்கள் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். மறுவருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் பிரஜாவுரிமை போனது; அதற்கடுத்து ஓட்டும் போனது. இங்கேயே பிறந்தவர், ஆனால் எந்த நாட்டுக்காரரும் இல்லை. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து நிறுப்பது மாதிரி. தாத்தாவின் அண்ணன் இந்தியப் பக்கம் விழுந்தார். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி (ரயில்) நகரும்போது தாத்தா ஜன்னலைப் பிடித்துக்கொண்டே ஓடினாராம். ஒப்பாரிக் கோச்சி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? அண்ணன் கோத்தகிரிப் பக்கம் போய் அங்கேயும் தேயிலைதான் கிள்ளினார். தாத்தா 1985-ல் சாகும்வரை கையில் ஓர் அடையாள அட்டை இல்லை. எஞ்சியிருந்தவர்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை என்று சட்டம் வந்தது 2003-ல்.

இப்போது எல்லாருக்கும் சம வாய்ப்பு என்கிறார்கள். சரி, பரீட்சைத் தாள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் நம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் எடுக்க ஆளில்லாமல் நீ விடியற்காலை ஐந்தரை பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனாயே, அது எந்தத் தாளில் எழுதியிருக்கிறது? அந்த பஸ் காசுக்கு நான் 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி; குறைந்தால் அரைப் பேர். மழை நாளில் ஈரத்துக்கு என்று கழிப்பார்கள், சாக்குக்கு என்று கழிப்பார்கள். கையிலிருக்கும் கொழுந்து எனக்குத் தெரியும், தராசில் ஏறும்போது அது வேறு கொழுந்தாகிவிடும். நாள் கூலி ஆயிரம் ரூபாய் கேட்டுக் கேட்டு 2021-ல் கிடைத்தது, 2024-ல் 1,350 ஆனது. அதற்குள் மாவு விலை எங்கேயோ போய்விட்டது. நீ வாங்கிய மார்க்கில் இதெல்லாம் சேர்த்து நிறுக்கப்படவில்லை மகள். உன்னோடு நேர்முகத்துக்கு வந்த கொழும்புப் பிள்ளையும் கெட்டிக்காரியாக இருக்கலாம், அவள்மேல் எனக்கு ஒரு குறையுமில்லை.

அதனால் வெள்ளவத்தை முகவரியையே போடு. வெட்கப்பட்டுப் போடாதே, கடிதம் நேரத்துக்குக் கிடைக்கட்டும் என்று போடு. பிறந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் மட்டும் தோட்டத்தின் பெயரை எழுது. அங்கே பொய் எழுதினால் தாத்தா கனவில் வந்து என்னைத்தான் திட்டுவார்.

அப்புறம் ஒரு விஷயம். ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய நம் வீட்டுக்கு நம்பர் கொடுத்துவிட்டார்கள். பதினான்கு. அப்பா தகரத்தில் பெயின்டால் எழுதிக் கதவில் அடித்திருக்கிறார், நான்கு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. வீட்டுக்கே நேராகக் கடிதம் வரும் என்கிறார்கள், இன்னும் ஒன்றும் வரவில்லை. போனில்தான் தினமும் பேசுகிறோம், இருந்தாலும் இரண்டு வரி எழுதி முத்திரை ஒட்டிப் போடு. எத்தனை நாளில் வருகிறதென்று பார்க்கலாம்.

அம்மா