ஆண்டறிக்கை: ஜூலை 2021 – ஜூன் 2022

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் இச்சங்கம் கடந்த ஓராண்டில் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். பெருந்தொற்று ஓயாததால் குளிர்காலக் கூட்டங்கள் இணையவழியே நடந்தன. பொங்கல் விழாவும் அப்படித்தான். பனி கரைந்த பிறகு மீண்டும் நேரில் கூடத் தொடங்கினோம். பிள்ளைகளின் தமிழ் வகுப்பு ஒரு வாரமும் தடைபடாமல் நடந்தது என்றால் அதற்கு ஆசிரியைகளின் பொறுமையே காரணம். சந்தா உயர்த்தப்படவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

அறிக்கையின் பெரும்பகுதியை, செயற்குழுவின் இசைவோடு, ஒரே நிகழ்ச்சிக்கு ஒதுக்கியிருக்கிறேன். டிராயில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான ரென்சலர் பாலிடெக்னிக் இன்ஸ்டிட்யூட்டின் தலைவராக 23 ஆண்டுகள் இருந்த முனைவர் ஷெர்லி ஆன் ஜாக்சன் விடைபெறுவதை ஒட்டி, ஜூன் மாதத்தில் நாம் நடத்திய பாராட்டுக் கூட்டமே அது. அவரை அழைத்து மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது நம் நோக்கமாக இருக்கவில்லை. அவர் செய்தவற்றை நமக்குள் நிதானமாகப் பேசிப் பார்க்க விரும்பினோம். நம்மில் பலர் இந்த ஊருக்கு வந்ததே குன்றின்மேல் நிற்கும் அந்த நிறுவனத்தால்தான். மாணவராக, ஆய்வாளராக, பேராசிரியராக, அவர்களின் துணையாக வந்து வேரூன்றியவர்கள் நாம். அதன் தலைமை மாறுவதைப் பக்கத்து வீட்டுச் செய்தியாகக் கேட்டுவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை.

முதல் உரை நிறுவனத்தின் பிறப்பைப் பற்றியது. அறிவியலை மக்களின் அன்றாட வாழ்வுக்குப் பயன்படுத்தக் கற்றுத்தர ஒரு பள்ளி வேண்டும் என்று 1824-இல் இதைத் தோற்றுவித்தவர் ஸ்டீபன் வான் ரென்சலர் என்ற பெருநிலக்கிழார். கற்பிக்கும் முறையை வகுத்தவர் ஏமஸ் ஈட்டன். ஆசிரியர் பேசுவார், மாணவர் கேட்பார் என்றிருந்த காலத்தில், மாணவரே சோதனையைச் செய்து காட்டி விரிவுரையும் நிகழ்த்த வேண்டும் என்று அவர் விதித்தார். புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1857-இல் இங்கே பட்டம் பெற்றவர். ஆனால் இத்தனை பெருமைகளும் ஆண்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. பெண்கள் உள்ளே நுழைய 1942 வரை ஆயிற்று. அந்த இடத்துக்கு 1999 ஜூலையில் 18-ஆவது தலைவராக ஒரு கறுப்பினப் பெண், அதுவும் ஓர் இயற்பியலாளர், வந்து அமர்ந்தார். இதன் எடையை உணராமல் அவருடைய பணிக்காலத்தைப் பேச முடியாது.

அடுத்து, நம் உறுப்பினர்களுள் இயற்பியல் ஆய்வு செய்யும் அம்மையார் ஒருவர் ஜாக்சனின் வாழ்க்கையைச் சொன்னார். கூட்டத்தின் உயிரான பகுதி அதுவே. 1946-இல் வாஷிங்டனில் பிறந்த சிறுமி, தேனீக்களைப் பிடித்து ஜாடிகளில் வைத்து, உணவையும் வெளிச்சத்தையும் மாற்றினால் அவை என்ன செய்கின்றன என்று குறிப்பெடுத்து வைத்திருக்கிறாள். 1964-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமான எம்.ஐ.டி.யில் சேர்ந்த பிறகு, சக மாணவியர் ஒன்றாக உட்கார்ந்து பாடக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்த இடத்துக்குச் சென்று, தானும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டபோது, போய்விடச் சொன்னார்கள். கறுப்பினப் பெண்கள் ஏதேனும் கைத்தொழில் கற்றுக்கொள்வதே நல்லது என்று ஒரு பேராசிரியர் அறிவுரை கூறினார். ஜாக்சன் இயற்பியலையே தம் தொழிலாக எடுத்துக்கொண்டார். 1968-இல், முனைவர் பட்டத்துக்கு வேறு பல்கலைக்கழகம் செல்லும் எண்ணத்தோடு பிலடெல்பியா சென்றிருந்த நாளில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தி வந்தது. தன்னைத் தள்ளி வைத்த எம்.ஐ.டி.யிலேயே தங்கி அதை மாற்றுவது என்று அவர் தீர்மானித்தார். அங்கே கறுப்பின மாணவர் அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். 1973-இல் துகள் இயற்பியலில் ஆய்வை முடித்து, எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். அம்மையார் இதைச் சொல்லி முடித்தபோது முன்வரிசையில் இருந்த நம் பெண்பிள்ளைகள் கைதட்டியதைக் குறிப்பேட்டிலும் பதிவு செய்திருக்கிறேன்.

ஒரு திருத்தத்தையும் அந்த உரையில் கேட்டோம். அழைப்பவரின் எண்ணைத் திரையில் காட்டும் வசதியையும் பொத்தான் தொலைபேசியையும் கண்டுபிடித்தவர் ஜாக்சன்தான் என்ற செய்தி பல ஆண்டுகளாகப் பகிரப்படுகிறது. அது உண்மையல்ல. பொத்தான் தொலைபேசி 1963-இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அவர் அப்போது பள்ளி மாணவி. 1976 முதல், தொலைபேசி ஆய்வுக்குப் பெயர்பெற்ற பெல் ஆய்வகத்தில் அவர் ஆராய்ந்தது, அடுக்கடுக்காக அமைந்த மெல்லிய பொருள்களில் எலக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதத்தை. உண்மையான சாதனை இவ்வளவு இருக்கும்போது பொய்ப் பெருமை எதற்கு? நம் உறுப்பினர்கள் அச்செய்தியை இனியும் பரப்பாமல் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஜாக்சன் 1995 முதல் 1999 வரை அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தலைமை வகித்தார். அந்தப் பதவியிலும் அவரே முதல் பெண், முதல் கறுப்பினத்தவர். அங்கிருந்துதான் டிராய்க்கு வந்தார்.

இங்கே அவர் செய்தது என்ன என்பதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. என் பார்வையில், துறைகளைப் பிரித்து வைத்திருந்த சுவர்களை அவர் தகர்த்ததே தலையாயது. 2001-இல் பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், எந்த நிபந்தனையும் இல்லாமல் 360 மில்லியன் டாலர் கொடுத்தார். பணம் வந்ததைவிட அது எங்கே போனது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2004-இல் திறக்கப்பட்ட உயிரித்தொழில்நுட்ப மையத்தில் உயிரியலாளரும் வேதியியலாளரும் பொறியாளரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தார்கள். 2008-இல் கலப்படமான ஹெபரின் மருந்தால் அமெரிக்காவில் உயிரிழப்புகள் நேர்ந்தபோது, கலந்திருந்த பொருள் எது என்று கண்டுபிடித்த பன்னாட்டுக் குழுவில் இங்குள்ள பேராசிரியர் ராபர்ட் லின்ஹார்ட்டும் இருந்தார். ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த மருந்து எத்தனை அறுவை சிகிச்சைகளுக்குத் தேவை என்பதை நம் மருத்துவ உறுப்பினர்கள் அறிவார்கள்.

அதே 2008-இல் எம்பேக் என்ற நிகழ்கலை மையமும் திறக்கப்பட்டது. பொறியியல் கல்லூரிக்கு 1,200 இருக்கைகள் கொண்ட இசையரங்கு எதற்கு என்று அன்று பலர் கேட்டார்கள். ஒலியும் ஒளியும் மனிதப் புலன்களும் கூட ஆராய்ச்சிக்கு உரியவைதாம் என்பது அவருடைய பதில். அந்த அரங்கில் இசை கேட்டவர்கள் அந்தக் கேள்வியை மீண்டும் எழுப்பியதை நான் கண்டதில்லை. 2019-இல் நிறுவப்பட்ட மீக்கணினிக்கு ஏமஸ் ஈட்டனின் நினைவாக ஏமாஸ் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டு மார்ச்சில், கொரோனா ஆய்வுக்காக நாடு முழுவதும் கணினித் திறனைத் திரட்டிய கூட்டமைப்பில் இந்நிறுவனம் தொடக்கத்திலேயே சேர்ந்தது. நாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த வாரங்களில், நம் ஊர்க் குன்றின்மேல் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை நன்றியோடு நினைக்கிறேன்.

கூட்டத்தில் மாற்றுக் கருத்துகளும் எழுந்தன. அவற்றைப் பதிவு செய்யாவிட்டால் இந்த அறிக்கை முழுமையாகாது. 2006-இல் அவர்மீது கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆசிரியர்களில் 149 பேர் ஆதரித்தார்கள், 155 பேர் எதிர்த்தார்கள்; நூலிழையில்தான் அது தோற்றது. மறு ஆண்டு ஆசிரியர் பேரவை நிறுத்தி வைக்கப்பட்டது. நாட்டிலேயே மிக அதிக ஊதியம் பெற்ற தனியார் பல்கலைக்கழகத் தலைவர்களுள் அவர் ஒருவர் என்பதும், கட்டடங்களுக்காக வாங்கிய கடனும் விமர்சிக்கப்பட்டன. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கோடையில் வளாகத்திலேயே தங்கிப் படித்து, பிறகு ஒரு பருவத்தை வெளியே பணியிலோ ஆய்விலோ கழிக்க வேண்டும் என்ற திட்டம் கட்டாயமானபோது மாணவர்கள் முணுமுணுத்தார்கள். ஆசிரியர் பேரவையை நிறுத்தி வைத்ததை என்னாலும் ஏற்க முடியவில்லை. கேள்வி கேட்கப் பழக்கும் நிறுவனம் தன்னை நோக்கிய கேள்விக்கும் இடம் தர வேண்டும். இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டே நாம் அவரைப் பாராட்டினோம். அறிவியலில் நாளைய தலைமுறை போதாது, பெண்களையும் சிறுபான்மையினரையும் ஒதுக்கிவைத்தால் அந்தக் குறை தீராது என்று அவர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தார். பதவியில் இருந்த காலமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஒன்றுக்காகவே நம் பிள்ளைகளின் சார்பில் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

கூட்டத்தின் முடிவில், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பாராட்டு மடல் ஒன்றை அவருடைய அலுவலகத்துக்கு அனுப்புவது என்று ஒருமனதாக முடிவாயிற்று, அனுப்பிவிட்டோம். ஜூலை 1 அன்று பொறுப்பேற்றுள்ள புதிய தலைவர் மார்ட்டின் ஷ்மிட், 1981-இல் இதே நிறுவனத்தில் பட்டம் பெற்றவர். அவருக்கும் நம் சங்கத்தின் வாழ்த்துகளை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு ஒரு திட்டத்தை முன்மொழிகிறது. தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு சோதனையைத் தாமே செய்து காட்டி, அதைத் தமிழில் தாமே விளக்க வேண்டும். ஈட்டன் வகுத்த முறைதான். நாம் அதைத் தமிழில் செய்யப் போகிறோம். பெரியவர்கள் குறுக்கிட்டு உதவக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. சோதனைப் பொருள்களுக்கான செலவைச் சங்கம் ஏற்கும். இதற்குப் பொறுப்பேற்க முன்வருவோர் தேநீர் இடைவேளைக்குள் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையையும் மேற்கண்ட திட்டத்தையும் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்