தம்பி, அந்த அட்டையைப் பிரிக்கும் முன்

அன்புள்ள தம்பி,

பாலக்கோடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெடிக்கலில் குளோமிஃபீன் 50 மில்லிகிராம் அட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறாய். ஓசூர் கம்பெனியில் உன்னோடு வேலை பார்ப்பவரின் மனைவிக்கு அதில்தான் கரு தங்கியதாம். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது, பார்க்கிறவர்களெல்லாம் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்கிறார்கள். அடுத்த தீட்டின் மூன்றாம் நாளிலிருந்து அஞ்சு நாள் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறாய். கொடுக்காதே. காரணத்தை விவரமாகவே எழுதுகிறேன்.

அட்டையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா பார். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துக்குத்தான் அந்தக் கோடு. இந்த மாத்திரை, உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதாக மூளையை நம்ப வைக்கிறது. மூளை உடனே முட்டையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்புகிறது. அது செய்யும் வேலை அவ்வளவுதான். முட்டை சரியாக வெடிக்காதவர்களுக்கு உதவும். கருக்குழாய் அடைத்திருந்தால் திறக்காது. உன் விந்தணு குறைவாக இருந்தால் ஒன்று கூடக் கூட்டாது.

அதனால் முதல் பரிசோதனை உனக்குத்தான். பெண்ணை ஆறு மாசம் மாத்திரை விழுங்க வைத்துவிட்டு அதன் பிறகு ஆணை லேபுக்கு அனுப்பும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேல் போகாமல் சேராமல் இருந்துவிட்டுப் போய், லேபிலேயே மாதிரி கொடு. வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். ஆணுறையில் எடுக்காதே, அதிலுள்ள வழவழப்பு விந்தணுவைக் கெடுக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடிக்குக் குறைந்தால் கொஞ்ச நாள் விட்டு மறுபடி பார்ப்பார்கள். விந்தணு புதிதாக உருவாக ஏறக்குறைய இரண்டரை மாசம் பிடிக்கும். ஜிம்மில் யாராவது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுவிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதே. அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது.

உன் மனைவிக்கு 45 நாள், 60 நாள் என்று தள்ளித்தான் தீட்டு வருகிறது என்றாய். அப்படியென்றால் மாத்திரைக்கு முன் கர்ப்பமா என்று பார்க்கும் சிறுநீர் அட்டைச் சோதனை கட்டாயம். கரு ஏற்கெனவே தங்கியிருக்கும்போது இதைச் சாப்பிடக் கூடாது. தீட்டு வரவழைக்கும் மாத்திரைக்கும் இதே விதிதான். ரத்தத்தில் தைராய்டு, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின், சர்க்கரை பார்க்க வேண்டும். தீட்டின் இரண்டாம் நாளில் ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். சினைப்பையில் பெரிய கட்டி ஏதாவது இருந்தால் இந்த மருந்தில் அது இன்னும் வீங்கலாம். நீர்க்கட்டிப் பிரச்சினை, அதாவது பிசிஓஎஸ் என்று தெரிந்தால் இப்போது டாக்டர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் லெட்ரோசோல் என்ற வேறு மாத்திரை. நண்பர் மனைவிக்குப் பொருந்திய மாத்திரை உன் மனைவிக்கான மாத்திரையாக இருக்க வேண்டியதில்லை.

மாத்திரை முடிந்த பிறகுதான் முக்கியமான வேலை தொடங்குகிறது. பத்தாம் நாள் வாக்கில் ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து முட்டைப்பை வளர்வதை அளப்பார்கள். 18, 20 மில்லிமீட்டர் வந்தால் வெடிக்கத் தயார். ஒன்றோ இரண்டோ வளர்ந்தால் நல்லது. மூன்று நான்கு ஒன்றாக வளர்ந்துவிட்டால் "இந்த மாசம் சேர வேண்டாம்" என்று டாக்டர் நிறுத்திவிடுவார். ஸ்கேன் இல்லாமல் அதை யாராலும் சொல்ல முடியாது. இந்த மருந்தில் கரு தங்குபவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு பேருக்கு இரட்டை. இரட்டையைக் கேட்டால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால் குறைமாசப் பிரசவம், தாய்க்கு ரத்தக்கொதிப்பு, எடை குறைந்த குழந்தை எல்லாவற்றுக்குமான ஆபத்தும் அதோடு கூடும்.

50-இல் கரு தங்கவில்லை, அடுத்த மாசம் 100, அதற்கடுத்து 150 என்று தாமாக ஏற்றுகிறவர்கள் உண்டு. இதே மருந்து சிலருக்குக் கர்ப்பப்பையின் உள்சுவரை மெலிதாக்கும். முட்டை வெடித்தாலும் கரு ஒட்ட இடம் இருக்காது. வெளியே தெரியாமல் மாசங்கள் வீணாகும். பொதுவாக ஆறு மாசச் சுழற்சிக்கு மேல் டாக்டர்களே தொடர்வதில்லை.

இன்னொன்று. நீ சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடியற்காலை கிளம்புகிறாய். வெடித்த முட்டைக்கு ஆயுசு ஒரு நாள்; விந்தணு உள்ளே அதிகபட்சம் ஐந்து நாள் தாங்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகு ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் முட்டை வெடிக்கும். அந்த வாரம் நீ ஊரில் இல்லை என்றால் எந்த மாத்திரையும் பயன்படாது. லீவு போட வேண்டியது அந்த வாரத்துக்குத்தான். ஒருவேளை உங்களுக்கு மருந்தே தேவைப்படாமலும் போகலாம்.

முட்டையை வெடிக்க வைக்கும் ஊசியை ஊரில் ஊசி போடுபவரிடம் போட்டுக்கொள்ளவே கூடாது. முட்டைப்பைகள் அதிகமாக வளர்ந்திருக்கும்போது அதைப் போட்டால் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, ரத்தம் கெட்டியாகி உயிருக்கே ஆபத்தாகலாம். வயிறு உப்புவது, ஒரே நாளில் ஒரு கிலோ எடை ஏறுவது, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்குவது இதன் அடையாளங்கள். மாத்திரை சாப்பிடும் நாளில் கண் மங்கினாலோ மின்னல் அடிப்பதுபோல் தெரிந்தாலோ அன்றே நிறுத்த வேண்டும், திரும்பத் தொடங்கக் கூடாது. சோதனையில் இரண்டு கோடு வந்தபின் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்து மயக்கம் வந்தால், கரு குழாயில் தங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அவசரம் இல்லாத நாளில் அதே ஆஸ்பத்திரியின் மகப்பேறு ஓபிக்கு, தீட்டின் இரண்டாம் நாள் காலையில் இருவருமாகப் போங்கள். கிருஷ்ணகிரி அரசு மெடிக்கல் காலேஜும் உண்டு. கடைசி ஆறு தீட்டின் தேதிகள், அவள் இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகள், உன் லேப் ரிப்போர்ட் மூன்றையும் எடுத்துக்கொள். அதுவரை அவள் தினமும் ஒரு ஃபோலிக் ஆசிட், 400 மைக்ரோகிராம், சாப்பிட்டு வரட்டும்.

அன்புடன்,
அக்கா