கார் பேட்டரியைத் தொடாதீங்க, கண்ணு

ஈரோடு
ஞாயிற்றுக்கிழமை, பொழுதோட

கண்ணு,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. போனில் பேசினால் "சரிம்மா, பார்த்துக்கறோம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

தோப்பு வீட்டுக்குக் குடிபோன ஒரு மாதத்தில் எத்தனை தடவை கம்ப்யூட்டர் அணைந்தது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன் என்றாய். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேராக வந்து அடிக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் வரைக்கும் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு தென்னை மட்டை கம்பியில் உரசினால் போதும், கரண்ட் ஒரு சிமிட்டு சிமிட்டிவிட்டு வரும். விளக்குக்கும் ஃபேனுக்கும் அது ஒன்றுமில்லை. நீ ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று ரெண்டர் (பிளானைக் கம்ப்யூட்டர் நிஜப் படம் மாதிரி தீட்டுகிற வேலை) போட்டுவிட்டுப் படுத்த வீட்டுப் பிளான் பாதியில் போய்விடும். காலையில் பார்க்கும்போது வயிறு எரியும் என்பது எனக்குத் தெரியும். பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிற டி.டி.பி. கடையை இருபது வருடம் வைத்திருந்தவள் நான்.

ஆனால் அதற்கு நீங்கள் இரண்டு பேரும் கண்டுபிடித்திருக்கிற வழிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 600 வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு) யூ.பி.எஸ். ஒன்றை வாங்கி, மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற சின்ன பேட்டரியை எடுத்துவிட்டு, பழைய காரின் பேட்டரியை வெளியே வைத்து ஒயர் கொடுப்பது. மூன்று மணி நேரம் ஓடும் என்று வீடியோவில் காட்டினார்களாம்.

ஓடும்தான். அதுதான் பிரச்சினையே. அந்தச் சின்ன யூ.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஏ.ஹெச். பேட்டரி. ஏ.ஹெச். என்றால் ஆம்பியர் ஹவர், பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்கிற அளவு. கரண்ட் போனால் ஒரு பத்து நிமிடம் தாங்கட்டும், அதற்குள் வேலையைச் சேமித்துவிட்டு நிறுத்திக்கொள்ளட்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த பெட்டி அது. உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரும் அந்தப் பத்து நிமிடச் சூட்டுக்குத்தான். பேட்டரி தீர்ந்து அதுவாக நின்றுவிடுவதால்தான் கருகாமல் பிழைக்கிறது. பெரிய பேட்டரியைக் கட்டிவிட்டால் நிற்க வழியில்லாமல் மணிக்கணக்கில் காயும். சார்ஜரும் அந்த 7 ஏ.ஹெச்.சுக்கு ஏற்ற அளவுதான். கார் பேட்டரியை ஏற்றி முடிக்கவே அது திணறும். பேட்டரியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. வண்டியை ஸ்டார்ட் பண்ணும் இரண்டு மூன்று நொடிக்குப் பெரிய கரண்ட்டைத் தள்ளுவதற்காக மெல்லிய தகடு வைத்துச் செய்தது அது. அடிவரைக்கும் இறக்கி இறக்கி ஏற்றினால் சீக்கிரமே செத்துவிடும். போதாததற்கு, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும். நீ வைக்கப் போவது ஜன்னல் சாத்திய அறையில். பக்கத்திலேயே பையன் தவழ்ந்துகொண்டிருக்கிறான்.

வீடியோ போட்டவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் வீட்டில் ஓடியிருக்கும், ஓடியதைக் காட்டினார். நாலாவது மாதம் அந்தப் பெட்டி என்ன ஆனது என்று அவர் காட்டவில்லை. உன் வீட்டு ஒயரிங் எப்படி இருக்கிறது என்று அவர் உன்னைக் கேட்கவும் இல்லை.

கடையில் 2012-ல் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். சென்னைக்கு இரண்டு மணி நேரம் கரண்ட் கட் என்றால் நமக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம். தறிக்காரர்களெல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்த காலம். கடையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ். வந்தவர் போனவர் எல்லோரும் யோசனை சொன்னார்கள். "எதுக்கு யூ.பி.எஸ்., ஒரு இன்வெர்ட்டரை மாட்டுங்க, கடை மொத்தமும் ஓடும்" என்று நாலு பேர் ஒரே மாதிரி சொன்னதால் நானும் நம்பினேன். விலை குறைந்த, ஸ்கொயர் வேவ் (கரண்ட்டின் அலை வளைவாக இல்லாமல் கட்டம் கட்டமாக வருவது) இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கினேன்.

விளக்கு எரிந்தது, ஃபேன் உறுமிக்கொண்டே சுற்றியது. ஆனால் ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் கம்ப்யூட்டர் இரண்டும் அணைந்து எழுந்தன. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. நம் ஊர்க் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. கம்ப்யூட்டருக்குள் கரண்ட்டை மாற்றிக் கொடுக்கிற பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். கரண்ட் இல்லாமல் தம் பிடிப்பது கிட்டத்தட்ட 16 மில்லி நொடிதான். கம்ப்யூட்டர் யூ.பி.எஸ். பத்து மில்லி நொடிக்குள் பேட்டரிக்கு மாறிவிடும். நான் வாங்கிய இன்வெர்ட்டர் அதைவிட நிதானமாக மாறியது. கண்ணுக்கே தெரியாத அந்த இடைவெளியில் ஒரு கும்பாபிஷேகப் பத்திரிகை போய்விட்டது. உபயதாரர் பெயர் மட்டும் நானூறுக்கு மேல். கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து திரும்ப அடித்தேன். அவசரத்தில் ஒரு பெரியவர் பெயர் விட்டுப்போய் அச்சாகிவிட்டது. அவர் சண்டை போடவில்லை, ஆனால் அதற்கப்புறம் நம் கடைப் படி ஏறவே இல்லை. இன்றைக்கும் அவர் வீட்டைத் தாண்டிப் போகும்போது எனக்கு மனசு கனக்கும்.

சரி என்று யூ.பி.எஸ். ஒன்று வாங்கினேன். அதிலும் ஒருவர் பேச்சைக் கேட்டு லேசர் பிரிண்டரைச் செருகினேன். அதில் தாளைச் சூடாக்குகிற உருளை திடீர் திடீரென்று பல நூறு வாட் இழுக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? முதல் பிரிண்டிலேயே யூ.பி.எஸ். கத்திக்கொண்டு நின்றுவிட்டது.

அப்புறம்தான் யூ.பி.எஸ். சர்வீஸ் பண்ணுகிற அண்ணனைக் கூப்பிட்டேன். முதலிலேயே கூப்பிடாததற்குக் காரணம், வந்து பார்க்கக் காசு கேட்பாரே என்பது. யோசனை சும்மா கிடைக்கும்போது எதற்குக் காசு என்று இருந்துவிட்டேன்.

வந்தவர் அரை மணி நேரம் ஒரு யோசனையும் சொல்லவில்லை, கண்ணு. கேட்டுக்கொண்டே இருந்தார். என்னென்ன ஓடும், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுமா, கரண்ட் போனால் உங்களுக்கு வேலை நடக்கணுமா இல்லை நிறுத்திக்க நேரம் கிடைச்சால் போதுமா, எர்த் எங்கே இருக்கு. அப்புறம் ஒயரில் ஒரு கம்பியை மட்டும் பிரித்து எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அளக்கிற டாங் டெஸ்டரைக் கவ்வ வைத்துப் பார்த்தார். பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தார். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது முப்பதைத் தாண்டியது. மூன்று பின் பிளக் பாயிண்ட் போட்டிருந்தார்களே தவிர, எர்த் ஒயர் எங்கேயுமே போய்ச் சேரவில்லை. அத்தனை வருடம் எர்த் இல்லாமலே கடை நடத்தியிருக்கிறேன்! கரண்ட் திடீரென்று எகிறினால் தடுக்கிற ஸ்பைக் கார்டு பெட்டி வாங்கி வைத்துப் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். எர்த் இல்லாவிட்டால் அது பாதி வேலைகூடச் செய்யாது என்றார். பின்பக்கம் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, தகடு இறக்கினோம். உங்க அப்பா தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியது ஞாபகம் இருக்கிறதா? துளசிச் செடிக்கு என்று நீ நினைத்தாய்.

அவர் அப்படி விசாரித்ததைப் பார்த்தபோது எனக்கு உங்க அப்பிச்சி, எங்க அப்பா, ஞாபகம் வந்தது. கிணற்று மோட்டார் வாங்க அவரோடு கோயம்புத்தூர் போயிருக்கிறேன். "அஞ்சு ஹெச்.பி. குடுங்க" என்று அப்பிச்சி கேட்பார். கடைக்காரர் எடுத்துக் கொடுக்க மாட்டார். கிணறு எத்தனை அடி, தண்ணி எத்தனையில் நிக்குது, பைப்பு எத்தனை இஞ்ச், தோட்டத்துக்கு ஏத்தம் எவ்வளவு, மும்முனைக் கரண்ட் எத்தனை மணி நேரம் வருது என்று வரிசையாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். சில நேரம் "மூணே போதுமுங்க" என்று குறைத்துச் சொல்லி அனுப்புவார். கேட்காமல் பதில் சொல்கிறவரிடம் அப்பிச்சி மோட்டார் வாங்கியதே இல்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு இருப்பது இரண்டு தொந்தரவு, அதை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். காற்றில் கரண்ட் சிமிட்டுவது ஒன்று. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்திச் சாயங்காலம் விடுகிறார்களே, அது வேறு. சிமிட்டலுக்குக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு யூ.பி.எஸ். போதும். நாள் முழுக்க ஓட வேண்டுமென்றால் வீட்டுக்கே இன்வெர்ட்டர் வேண்டும், அதுவும் லைன் கரண்ட் மாதிரியே வளைவான அலை தருகிற சைன் வேவ். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்குப் பின்னால் யூ.பி.எஸ்.ஸை மாட்டினால், அந்தக் கரண்ட்டைப் பிடிக்காமல் அது தன் பேட்டரியையே தின்னும். உன் கம்ப்யூட்டர் மாதிரிப் புதிய எஸ்.எம்.பி.எஸ். சிலதும் அந்த அலைக்கு ஒத்துவராமல் அணைந்துவிடும்.

அளவு விஷயத்தில் நீ பெட்டியில் எழுதியிருக்கிற 650 வாட்டைப் பார்த்துப் பயப்படுகிறாய். அது அந்த எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கக்கூடிய உச்சம், அவ்வளவையும் அது எப்போதும் இழுக்காது. ரெண்டர் ஓடும்போது மானிட்டரையும் சேர்த்து அளந்து 1.8 ஆம்பியர் காட்டுகிறது என்று வை. 230-ஆல் பெருக்கினால் 414 வி.ஏ. அப்படியானால் 600 வி.ஏ. போதுமே என்று தோன்றும். ஆனால் 600 வி.ஏ. என்று விற்கிற பெட்டிகள் பல 360 வாட்தான் தாங்கும். உன் கம்ப்யூட்டரில் வி.ஏ.வும் வாட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் உன் ரெண்டர் அதிலேயே விழுந்துவிடும். 1000 வி.ஏ. பெட்டி அனேகமாக 600 வாட் தரும். எனக்கு அதுதான் சரியென்று படுகிறது, ஆனால் நானும் அளக்காமல்தான் பேசுகிறேன். வந்து அளக்கிறவர் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேள். இன்னொரு வீடியோவில் 3 கே.வி.ஏ. ஆன்லைன் யூ.பி.எஸ். வாங்கச் சொன்னார்கள் என்றாயே, அது சர்வர் ரூமுக்கும் ஆஸ்பத்திரிக்கும். மாறுகிற இடைவெளியே இருக்காது என்பது உண்மை. ஆனால் நாள் முழுக்க ஃபேன் இரைச்சலும் சூடும், கரண்ட் பில்லும் உனக்கு எதற்கு?

இன்வெர்ட்டர் வைத்தால் 12 வோல்ட், 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி கணக்குப்படி 1800 வாட்-ஹவர், அதாவது 1800 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு. இழப்பெல்லாம் போக உன் கம்ப்யூட்டரை மூன்று மணி நேரம் ஓட்டினால் பெரிசு. அதனால் பராமரிப்பு நாளில் லேப்டாப்பில் வேலை செய்யப் பார். லேப்டாப்புக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது, போய்விடுவது வைஃபைதான். அந்த ரவுட்டருக்கு 12 வோல்ட்டில் கையளவு யூ.பி.எஸ். தனியாக விற்கிறார்கள். ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துவிட்டு வாங்கு. இதற்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டாம்.

பேட்டரிக்கு ஏ.சி.யில் சொட்டுகிற தண்ணீர் ஊற்றலாம், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம் என்றெல்லாம் மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் வந்ததாம். இரண்டும் வேண்டாம். ஏ.சி. தண்ணீரில் தூசும் உலோகமும் கலந்திருக்கும், ஆர்.ஓ.வில் உப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் கேன் விலை ஒரு சினிமா டிக்கெட்கூட ஆகாது. பேட்டரியைச் சிமெண்ட் ஷீட் போட்ட அந்த அறையில் வைக்காதே. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பார்கள். சித்திரையில் அந்த அறை எப்படிக் கொதிக்கும் என்று நீயே பார்ப்பாய். நடைத் திண்ணைப் பக்கம், காற்றோட்டமாக, பையன் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்.

வந்து அளக்கிறவரிடம் ஒன்று மட்டும் மறக்காமல் கேட்டுவிடு. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கி வந்துவிடும். நம் தெருவில் ஒரு மழை ராத்திரி அப்படி வந்து ஏழெட்டு வீட்டு டி.வி. புகைந்தது. கடையில் யூ.பி.எஸ். கருகியது, கம்ப்யூட்டர் தப்பியது. காற்று அடிக்கிற தோப்பில் அது நடக்க வாய்ப்பு அதிகம். மெயின் போர்டிலேயே வோல்டேஜ் ஏறினால் துண்டிக்கிற கட்-ஆஃப் போட வேண்டும், அதற்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழ் உள்ள வயர்மேன்தான் கை வைக்க வேண்டும்.

அந்த சர்வீஸ் அண்ணனிடம் பேசிவிட்டேன். இப்போது வயதாகிவிட்டது, வெளியூர் போவதில்லை. பொள்ளாச்சியில் அவரிடம் தொழில் கற்ற தம்பி ஒருவர் இருக்கிறாராம். வெள்ளிக்கிழமை வெள்ளென வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வரும்போது பெரிய ரெண்டர் ஒன்றை ஓட விட்டு வை, சும்மா நிற்கிற கம்ப்யூட்டரை அளந்து பிரயோஜனம் இல்லை. எர்த் குழி எங்கே என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே விசாரித்து வை. கேட்கிற கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். சாப்பிட வைத்து அனுப்பு.

நான் வியாழக்கிழமை பஸ் ஏறுகிறேன். பையனுக்குக் கம்மங்கூழ் பிடிக்கிறதா என்று பார்க்கலாம், மாவு கொண்டுவருகிறேன். அதுவரைக்கும் அந்தப் பேட்டரி காருக்குள்ளேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா