அந்தப் புஷ்ஷை விற்காதீர்கள்: ஹார்டுவேர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிகளுக்கு வணக்கம்.

இருபது வருஷமாக கேட், கிரில், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி வேலை பார்க்கிறேன். டிஸ்க், உப்புத்தாள், பஃப் எல்லாம் உங்கள் கடைகளில்தான் வாங்குகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன ஆடியில் ஒரு சைட்டில், கூட வேலை பார்த்த பையன் ஏஜி-4 மிஷினில், அதாவது 4 இஞ்ச் டிஸ்க் போடுகிற கை கிரைண்டரில், 7 இஞ்ச் கட்டிங் டிஸ்க்கை மாட்டினான். டிஸ்க்கின் ஓட்டை 22 மி.மீ., அந்த மிஷினுக்கு வேண்டியது 16. நடுவில் அடைக்க ஒரு சின்ன வளையம், கடையிலேயே கொடுத்த புஷ். டிஸ்க்கை மறைக்கிற காப்பு மூடியான கார்டு இடிக்கிறதென்று அதையும் கழற்றிவிட்டான். பைப்பில் வைத்ததும் டிஸ்க் வெடித்தது. ஒரு துண்டு அவன் காதோரமாகப் போய், சுவரில் சாத்தியிருந்த பிளைவுட்டில் குத்தி நின்றது. குறடு போட்டுத்தான் பிடுங்கினேன். பையனுக்குக் கீறல்கூட இல்லை. எனக்குத்தான் சாயங்காலம் வரை கை நடுங்கியது.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். ஏஜி-4 நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். 4 இஞ்ச் டிஸ்க் என்றால் அதன் விளிம்பு வினாடிக்கு 58 மீட்டர் ஓடும். டிஸ்க் தாங்குவது 80 மீட்டர். அதே மிஷினில் 7 இஞ்ச் மாட்டினால் 103 மீட்டர். வேகம் கூடுவதைவிட, டிஸ்க்கைப் பிய்க்கும் விசை இன்னும் வேகமாகக் கூடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80-ஐத் தாண்டி 103-க்குப் போனால் அந்த விசை, டிஸ்க் தாங்கக்கூடியதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். 7 இஞ்ச் டிஸ்க்கின் மேலேயே நிமிஷத்துக்கு அதிகபட்சம் 8,500 சுற்று என்று அச்சடித்திருக்கிறது. சின்ன எழுத்து, யாரும் படிப்பதில்லை.

வெடிப்பது மட்டும் பிரச்சினை இல்லை. எஸ்.எஸ். பைப்பை ஏஜி-4 வேகத்திலேயே பாலிஷ் போட்டால் சூடேறி நீலம் பாயும். அந்த இடத்தில்தான் பிறகு துரு பிடிக்கும். தேக்குக் கதவில் உப்புத்தாளை அதே வேகத்தில் ஓட்டினால் மரம் கருகும், தாளும் தூளால் அடைந்துபோகும். இதற்கெல்லாம் வேகம் குறைக்கிற ரெகுலேட்டர் உள்ள மிஷின் வேண்டும். வாடகைக்குக் கேட்டால் ஏஜி-4-ஐத்தான் நீட்டுகிறார்கள். "அதிலேயே போட்டுடலாம் தம்பி" என்கிறார்கள். போட முடியாது அண்ணாச்சி.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, சாணைக்கல் ஓடும் ஒவ்வொரு மிஷின் பக்கத்திலும் அதன் பத்திரமான விளிம்பு வேகத்தை எழுதி வைக்கச் சொன்னது. எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளிலும் சைட்டுகளிலும் அப்படி ஒரு பலகையை நான் பார்த்ததே இல்லை. டிஸ்க் எங்கள் கைக்கு வருமுன் கடைசியாக அதைத் தொடுகிறவர்கள் நீங்கள்தான்.

அதனால் கேட்கிறேன். டிஸ்க் எடுத்துக் கொடுக்குமுன் "எந்த மிஷினுக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மிஷினின் சுற்று எண், டிஸ்க்கில் போட்ட எண்ணைத் தாண்டினால் கொடுக்காதீர்கள். கார்டு இல்லாத மிஷினை வாடகைக்கு விடாதீர்கள். ஏஜி-4-க்கு 7 இஞ்ச் போட புஷ் கேட்டு யார் வந்தாலும் இல்லை என்று சொல்லுங்கள். அவன் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவான், தெரியும். அதனால்தான் இதை ஒரு கடைக்கு மட்டும் எழுதவில்லை.

பிளைவுட்டிலிருந்து பிடுங்கிய துண்டு என் பட்டறையில் இருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிடச் சம்மதம் என்றால் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன், ஒரு வெல்டர்